வெட்டாத பக்கங்களுக்கு ஒரு மதிப்புரை

அந்த அம்மாள் என் மேசைமேல் முதலில் ஒரு புத்தகத்தை வைத்தார். அதன்மேல் ஒரு பேனாக்கத்தியை வைத்தார். பிறகு யாரும் சொல்வதற்கு முன்பே எதிரில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

பீச் ரோட்டில் நான் கிளார்க்காக இருந்த கப்பல் கம்பெனி ஆபீஸ் அது. காலை பதினொரு மணி இருக்கும். ஜன்னலுக்கு வெளியே நிலாவாரை இலை மூட்டைகளைத் தோணியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த இலையின் வாடை ஆபீஸ் முழுக்க நிறைந்திருக்கும். மத்தியானம் சாப்பிடுகிற சோறுகூட லேசாகக் கசக்கும். ஆபீசுக்குப் பெண்கள் வருகிற வழக்கம் அப்போது கிடையாது. ஹெட்கிளார்க் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். மற்ற மூன்று பேரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள்.

வெள்ளைச் சேலை, முழங்கை வரை ரவிக்கை, கழுத்தில் சின்னதாக ஒரு சிலுவை. வயது நாற்பது இருக்கும்.

"நீங்கதான மதிப்புரை எழுதுதது?"

"ஆமா" என்றேன். அந்தக் காலத்தில் இந்தக் கேள்விக்கு ஆமாம் சொல்லும்போது என் நெஞ்சு அரை அங்குலம் அகலும்.

"நான் இஞ்ஞாசியம்மா. ஊரு ஆலந்தலை. இங்கன பள்ளிக்கூடத்துல டீச்சரா இருக்கேன். இந்தப் புத்தகம் நான் எழுதினது. போன மாசம் இதைப் பத்தி நீங்க எழுதியிருந்திய."

நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன். நன்றாகப் புகழ்ந்துதான் எழுதியிருந்தேன். நன்றி சொல்ல வருகிறவர்கள் வெறுங்கையோடு வரமாட்டார்கள். ஆத்தூர்க்காரர் ஒருவர் ஒரு கவுளி வெற்றிலை கொண்டுவந்து கொடுத்தார். கத்தியோடு அதுவரை யாரும் வந்ததில்லை.

"முப்பத்திநாலாம் பக்கத்தைத் தொறங்க" என்றார்.

திறக்க முடியாது. ஏன் திறக்க முடியாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பொட்டலத்தில் படித்தவன்

டீச்சரை அந்த ஸ்டூலில் கொஞ்சம் காக்க வைத்துவிட்டுப் பின்னால் போய் வருகிறேன்.

இந்தத் தொடரில் நான் என் சாமர்த்தியத்தையே எழுதிக்கொண்டு வருகிறேன் என்று ஒரு வாசகி குறைப்பட்டுக் கடிதம் போட்டிருக்கிறார். சாமர்த்தியம் இருந்தது, எழுதினேன். இந்த வாரம் அவருக்குத் திருப்தியாக இருக்கும்.

எங்கள் பூர்வீகம் திருச்செந்தூருக்குத் தெற்கே பனங்காட்டுப் பக்கம். அப்பா தூத்துக்குடிக்கு வந்து பலசரக்குக் கடை போட்டார். மிளகாயும் சீரகமும் பொட்டலம் கட்டுவதற்காகப் பழைய புத்தகங்களை எடைக்கு வாங்கிப் போடுவார். நான் படிக்கக் கற்றுக்கொண்டது அந்தக் குவியலில்தான். ஒரு நாவலின் நடுப்பகுதி, ஒரு வைத்திய நூலின் வால், யாரோ ஒரு ஜில்லா கலெக்டருக்கு எழுதிய மனு, பஞ்சாங்கத்தில் பாதி. தலையும் காலும் இல்லாமல் படித்துப் படித்து, எந்தப் புத்தகத்தையும் எந்தப் பக்கத்தில் திறந்தாலும் எழுதியவர் எப்படிப்பட்டவர் என்று பிடித்துவிடுகிற திறமை எனக்கு வந்துவிட்டது. அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேலைக்கு வந்த பிறகு வேட்டை பெரிதாயிற்று. துறைமுகத்து ஊரில் புத்தகத்துக்குப் பஞ்சமில்லை. வெள்ளைக்கார மாலுமிகள் படித்துவிட்டு எறிந்த துப்பறியும் கதைகள், கொழும்பிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவரும் பத்திரிகைகள், கோயில் வாசலில் விற்கும் அந்தோனியார் நவநாள் புத்தகம், காயல்பட்டினத்து நண்பர் கொடுத்த இஸ்லாமியப் பாடல்கள், சைவ மடத்து வெளியீடுகள், கடவுளே இல்லை என்று சொல்லும் துண்டுப் புத்தகங்கள். எல்லாவற்றையும் படிப்பேன். பிடிக்காததைக் கூடுதலாகப் படிப்பேன். அதற்கு என்ன பதில் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே படிப்பதில் ஒரு சுகம் இருக்கிறது.

பிறகு நானும் எழுதினேன். பன்னிரண்டு கதைகள். வெளியிட ஆளில்லாததால் நானே அச்சுப் போட்டேன். சென்னைப் பத்திரிகை ஒன்றுக்கு மதிப்புரைக்காக அனுப்பிவிட்டு ஆறு மாதம் தபால்காரர் வருகிற நேரத்துக்கு வாசலில் போய் நிற்பேன். கடைசியில் வந்தது. 'வரப்பெற்றோம்' என்ற தலைப்பின் கீழ் இரண்டே வரி. அச்சு சுத்தமாக இருக்கிறதாம். அட்டை கெட்டியாக இருக்கிறதாம்.

அழுதுவிட்டேன். சொல்வதில் என்ன வெட்கம்? மூன்று வருஷம் எழுதிய கதைகளில் ஒன்றையாவது அந்த மனிதர் படித்திருக்கக் கூடாதா? பிடிக்கவில்லை என்று எழுதியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இரண்டு பிரதிகள் அனுப்புக

எங்கள் ஊரிலிருந்து ஒரு மாதப் பத்திரிகை வந்துகொண்டிருந்தது. பெயர் வேண்டாம். ஆசிரியர் ஆழ்வாரப்ப பிள்ளை, ஆழ்வார்திருநகரிப் பக்கம் நிலபுலன் உள்ளவர். நெல் விளைந்தால் பத்திரிகை தடிமனாக வரும். அதில் மதிப்புரைப் பகுதியை என்னிடம் கொடுத்தார். சம்பளம் இல்லை. புத்தகம்தான் சம்பளம்.

முதல் இதழிலேயே கொட்டை எழுத்தில் ஒரு வாக்குறுதி போட்டேன்: "இங்கே எந்தப் புத்தகமும் முழுவதும் படிக்கப்படாமல் மதிப்பிடப்படமாட்டாது." ஆழ்வாரப்ப பிள்ளை, "இதெல்லாம் என்னத்துக்கு வே?" என்றார். நான் கேட்கவில்லை. ஆறு வருஷம் மாதாமாதம் அந்த வரி வந்தது.

அந்த வாக்கைக் காப்பாற்றினேன். தெரிந்தவர் எழுதினாலும் குறையைச் சொன்னேன். எனக்கு ஆகாதவர் ஒருவர் நல்ல கவிதைத் தொகுதி போட்டபோது, பல்லைக் கடித்துக்கொண்டு நல்லது என்று எழுதினேன். என்னைப் போலச் சொந்தமாக அச்சுப் போட்டவர்கள் நாலா பக்கமிருந்தும் புத்தகம் அனுப்பினார்கள். நாமெல்லாம் ஒரே தோணி ஆட்கள், கொஞ்சம் பார்த்து எழுதுங்கள் என்று சிலர் கடிதமும் வைத்து அனுப்புவார்கள். அந்தக் கடிதம் வந்தால் இன்னும் கூர்ந்து படிப்பேன்.

மதிப்புரைக்கு இரண்டு பிரதிகள் அனுப்புவது அன்றைய முறை. ஒன்று பத்திரிகைக்கு, ஒன்று எழுதுகிறவருக்கு. எனக்கு வருகிற பிரதியை வேலை முடிந்ததும் ஊர் வாசகசாலைக்குக் கொடுத்துவிடுவேன். முதல் பக்கத்தில், "மதிப்புரைக்குப் பின் அன்பளிப்பு" என்று எழுதிக் கீழே பெரிதாகக் கையெழுத்துப் போடுவேன். அந்தக் கையெழுத்தை நாலு பேர் பார்ப்பார்கள் என்ற ஆசையும் அதில் இருந்தது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அன்றைக்குச் சின்ன அச்சகங்களில் புத்தகத்தின் ஓரத்தை வெட்டுகிற இயந்திரம் கிடையாது. பதினாறு பதினாறு பக்கமாக அச்சடித்த தாளை மடித்து, தைத்து, அட்டை ஒட்டிக் கொடுத்துவிடுவார்கள். மடிப்பு மடிப்பாகவே இருக்கும். படிக்கிறவர்தான் கத்தியால் ஓரத்தைக் கீறிக் கீறிப் படித்துக்கொண்டு போகவேண்டும். எவ்வளவு தூரம் படித்திருக்கிறார் என்பதைப் புத்தகமே காட்டிக்கொடுத்துவிடும்.

முப்பத்திரண்டு பக்கமும் கடைசிப் பக்கமும்

இஞ்ஞாசியம்மாள் டீச்சரின் புத்தகம் ஒரு நாவல். பெயர் 'இரண்டு மூச்சு'. நூற்று எழுபத்தாறு பக்கம். முத்துக் குளிக்கிறவர்களைப் பற்றிய கதை. அப்போது கடலில் முத்துச் சிப்பி அற்றுப்போய், முத்துக்குளிப்பு நின்று பல வருஷம் ஆகியிருந்தது. சங்கு மட்டும் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த மாதம் என்னிடம் ஏழு புத்தகங்கள் சேர்ந்திருந்தன. யுத்த காலம். கப்பல்கள் சொன்ன தேதிக்கு வருவதில்லை, வந்தால் நாலைந்து சேர்ந்து வந்து நிற்கும். ஆபீசில் முதுகு நிமிர நேரமில்லை. ஆறு புத்தகத்தை முழுக்கப் படித்து எழுதிவிட்டேன். ஏழாவதில் இரண்டு மடிப்பைக் கீறி, முப்பத்திரண்டு பக்கம் படித்தேன். நன்றாகவே இருந்தது. குளிகாரன் சவேரிக்குக் கல்யாணம் ஆகிறது. மனைவியின் அண்ணன் கஸ்பார் தோணியில் நின்று அவனுக்குக் கயிறு பிடிக்கிறான்.

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. குளிகாரர் கல்லின் பாரத்தில் கடலுக்கு அடியில் போவார். மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கீழே இருப்பவர் கயிற்றை அசைத்ததும் இவர் தூக்கிவிட வேண்டும். தாமதித்தால் அவ்வளவுதான். அதனால் கயிறு பிடிப்பதற்கு மனைவியின் சகோதரனை வைப்பது எங்கள் கடற்கரை வழக்கம். தங்கையின் தாலி அவன் கையில் இருக்கிறது, கை தளராது என்ற நம்பிக்கை.

இது எனக்குத் தெரியும். இந்தக் கடற்கரையைப் பற்றி எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்ற நினைப்பும் இருந்தது. கடைசிப் பக்கம் மடிப்புக்கு வெளியே இருந்தது, கீறாமலே படிக்கலாம். படித்தேன். அங்கேயும் கஸ்பார் கயிறு பிடித்துக்கொண்டிருக்கிறான். முன்னாலும் மைத்துனன், பின்னாலும் மைத்துனன். நடுவில் வேறு என்ன இருந்துவிடப் போகிறது?

"கயிறு பிடிக்கும் மைத்துனனின் பாசம் நாவல் முழுதும் பொங்கி வழிகிறது. கஸ்பார் நம் நெஞ்சை விட்டு அகலமாட்டான்" என்று எழுதினேன். மறுநாள் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டு வாசகசாலைக்குக் கொடுத்தும்விட்டேன்.

கயிறு யார் கையில்?

"உங்க கையெழுத்துத்தான இது?" என்று டீச்சர் முதல் பக்கத்தைக் காட்டினார்.

"ஆமா."

"என் புத்தகத்தை ஆராவது எடுத்துப் படிக்காவளான்னு பாக்கதுக்கு வாசகசாலைக்குப் போனேன். உங்க கையெழுத்து இருந்துச்சு. சந்தோசமா இருந்துச்சு. பெறவு தொறந்து பாத்தேன்."

வெட்டாத மடிப்பை விரலால் தொட்டுக் காட்டினார்.

"கஸ்பார் நாப்பதாம் பக்கத்துல கொழும்புக்குப் போயிருதான். சிப்பிப் பங்குச் சண்டையில கோவிச்சுக்கிட்டுப் போறவன் நூத்தி அறுவது வரைக்கும் வரவே மாட்டான். நடுவுல கயிறு புடிக்கது அந்தோணி. சவேரிக்கும் அவனுக்கும் ரெண்டு தலைமொறைப் பகை. வேற ஆளு கெடைக்கலை. பகையாளி கையில கயித்தக் குடுத்துட்டுத்தான் சவேரி தண்ணிக்குள்ள எறங்குதான். அதுதான் கதை."

ஹெட்கிளார்க் எழுதுவதுபோல் பாசாங்கு செய்துகொண்டிருந்தார்.

"அந்தோணி எங்கப்பா" என்றார் டீச்சர். குரல் உயரவில்லை. "பேரை மட்டும் மாத்தியிருக்கேன். ஒரு முத்துக்குளிப்பு முழுசும் பகையாளிக்குக் கயிறு புடிச்சாரு. ஒரு நாளுகூடக் கை தளரலை. மச்சினன் திரும்பி வந்ததும் கயிறு அவன் கைக்குப் போச்சு, பேரும் அவனுக்கே போச்சு. எங்கப்பா சாகுத மட்டும் ஒருத்தரும் அதைச் சொல்லலை. நான் அஞ்சு வருசம் உக்காந்து எழுதினேன். நீங்க அஞ்சு வரியில பழையபடி மச்சினனுக்கே குடுத்துட்டிய."

தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வரிக்காக ஒரு காலத்தில் அழுதவன் நான்.

"எங்க ஊர்ல புத்தகம் படிக்குத ஆளு நாலு பேரு. நாலு பேரும் உங்க பத்திரிகையைப் படிச்சிட்டாவ. மச்சினன் பாசத்தைப் பத்தின கதையாம்னு சொல்லுதாவ. இனிமே எவரு புத்தகத்தைத் தொறப்பாவ?"

"என்ன செய்யணும்னு சொல்லுங்க, டீச்சர்."

"மொதல்ல வெட்டுங்க. நான் பாக்கணும்."

வெட்டினேன். ஒன்பது மடிப்பு. ஒவ்வொரு மடிப்பையும் கீறும்போது வருகிற சத்தம் அந்த ஆபீஸ் முழுக்கக் கேட்டது. பழகாத கத்தி, இரண்டு இடத்தில் ஓரம் பிசிறு பிசிறாக வந்தது. அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கடைசி மடிப்பு முடிந்ததும் கத்தியை மடக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"புகழவேண்டாம். படிச்சிட்டு என்ன தோணுதோ அதை எழுதுங்க. அதே எடத்துல, அதே அளவு எழுத்துல" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

சண்முகத்தாயின் கேள்வி

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். என் மனைவி சண்முகத்தாய் சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் வரும், ஆனால் கதை கேட்பதில் என்னைவிடக் கெட்டிக்காரி. அவள் கேட்கட்டும் என்று சத்தமாகப் படித்தேன்.

அந்தோணி முதல் தடவை கயிறு பிடிக்கிற அதிகாரம் வந்தது. கீழே சவேரி மூச்சை அடக்குகிறான். மேலே அந்தோணியும், தனக்கே தெரியாமல், மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறான். அவன் மூச்சு முட்டுகிற நேரம் பார்த்துக் கயிறு அசைகிறது. கையை விட்டுவிட்டால் பகை தீர்ந்தது. விடவில்லை. ஏன் விடவில்லை என்று அவனுக்கே விளங்கவில்லை. டீச்சர் அதற்கு விளக்கமும் சொல்லவில்லை. அப்படியே விட்டுவிட்டார். அடேயப்பா, என்ன எழுத்து!

நிமிர்ந்து பார்த்தேன். மீனைக் கையில் பிடித்தபடியே சண்முகத்தாய் சிலையாக இருந்தாள். "நிறுத்தாதிய, படிங்க" என்றாள்.

அன்றைக்குச் சோறு சாப்பிட மூன்று மணி ஆயிற்று. சாயங்காலம் விளக்கேற்றுவதற்கு முன் முடித்துவிட்டேன். முடித்ததும் புதுச் சங்கடம் ஒன்று வந்து சேர்ந்தது. கடைசி அதிகாரம் எனக்குப் பிடிக்கவில்லை. கஸ்பார் திரும்பி வருகிறான், கோயில் திருவிழாவில் எல்லோரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். நூற்று இருபது பக்கம் நாம் கூடவே இருந்த அந்தோணி எட்டு வரியில் கதையைவிட்டுப் போய்விடுகிறான். எண்ணிப் பார்த்தேன். எட்டே வரி.

"ஏளா, இதை எப்படி எழுதுவேன்? ஏற்கெனவே அந்தம்மாவுக்குத் துரோகம் பண்ணியிருக்கேன். அவுங்க அப்பா கதை வேற. கடைசி அதிகாரத்தைப் பத்திப் பேசாம விட்டுருதேன். மத்தது எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

சண்முகத்தாய் கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "மொதல்ல படிக்காமப் பொய் சொன்னிய. இப்பம் படிச்சிட்டுப் பொய் சொல்லப் போறியளா, அத்தான்?"

எனக்குச் சுரீர் என்றது. மன்னிப்புக் கேட்கிறவன் கூடவே கொஞ்சம் பூவும் தூவிவிட்டால் தன் மனசு லேசாகிவிடும். அது எனக்கு நான் செய்துகொள்ளும் உபகாரம், டீச்சருக்குச் செய்வது அல்ல. அவர் கேட்டது ஒரு வாசிப்பு. அதை முழுசாகக் கொடுத்துவிடுவது என்று தீர்மானம் செய்தேன்.

புகழ்ந்ததற்கு மன்னிப்பா?

ஆழ்வாரப்ப பிள்ளை என் கட்டுரையை இரண்டு தடவை படித்தார். அதன் முதல் வரிகள் இவை: "சென்ற இதழில் 'இரண்டு மூச்சு' நாவலைப் புகழ்ந்தவன் அதில் முப்பத்திரண்டு பக்கமும் கடைசிப் பக்கமும்தான் படித்திருந்தான். அவன் நானே. அந்தப் புகழுரை பொய். இப்போது முழுவதும் படித்துவிட்டு எழுதுகிறேன்."

"என்ன வே இது? திட்டினதுக்கு மன்னிப்புக் கேட்டா நியாயம். புகழ்ந்ததுக்கு எவனாவது மன்னிப்புக் கேப்பானா?"

"படிக்காமப் புகழ்ந்தேன் அண்ணாச்சி."

"அதனால அந்தம்மாவுக்கு என்ன நட்டம்?"

"அவுங்க அப்பாவுக்கு நட்டம்."

"அவரு எங்க இருக்காரு?"

"செத்துப்போயிட்டாரு."

"செத்தவருக்கு என்ன வே நட்டம்!" என்று கட்டுரையை மேசையில் போட்டார். அவர் கெட்டவர் அல்ல. அவருடைய பயம் எனக்குப் புரிந்தது. "காயிதம் கெடைக்காத காலத்துல இருபத்தி நாலு பக்கம் போடுததுக்கே நாக்குத் தள்ளுது. அதுல ஒண்ணரைப் பக்கம் உம்ம பாவமன்னிப்புக்கா? சரி, போட்டுத் தொலையுதேன்னு வச்சுக்கிடும். ஆறு வருசமா முழுசாப் படிச்சு எழுதுதோம்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கோம்லா? அதெல்லாம் படிச்சுத்தான் எழுதினீரான்னு நாளைக்கு ஒவ்வொருத்தனா வந்து நிப்பான். என்ன சொல்லட்டும்?"

"படிச்சுத்தான் எழுதினேன்."

"எவன் வே நம்புவான்?"

நியாயமான கேள்வி. ஆறு வருஷம் யோக்கியமாகச் செய்த வேலை அத்தனையையும் அந்த ஒரு புத்தகத்துக்கு ஈடாக வைக்கிறேன் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் அந்த நேரத்தில் எனக்குத் தயக்கமே இருக்கவில்லை. சொன்னால் தற்பெருமை என்பீர்கள், இருந்தாலும் உண்மை அதுதான். போடத்தான் வேண்டும் என்றேன்.

அவர் வெகுநேரம் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார்.

"போடுதேன். ஆனா இதுதான் உம்ம கடைசி மதிப்புரை. பத்திரிகை மானத்தை நான் பாக்கணும்லா."

"சரி அண்ணாச்சி" என்றேன்.

வாசலுக்கு வந்த பிறகுதான் வலித்தது. மாதாமாதம் கட்டுக் கட்டாகப் புத்தகம் வரும், அதைப் பிரிக்கும்போது புது மையும் பசையும் கலந்து ஒரு வாசனை அடிக்கும். அது இனிமேல் எனக்கு இல்லை.

எட்டு வரி

கட்டுரை வந்தது. அதே இடம், அதே அளவு எழுத்து. அந்தோணிக்கு முக்கால்வாசி இடம் கொடுத்திருந்தேன். கடைசி அதிகாரத்தைப் பற்றியும் மறைக்காமல் எழுதியிருந்தேன்: "இவ்வளவு பெரிய மனிதனை எட்டே வரியில் வழியனுப்ப ஆசிரியருக்கு எப்படி மனம் வந்தது?" அதற்குக் கீழே, இந்தப் பகுதி இத்துடன் நிறுத்தப்படுகிறது என்று ஆழ்வாரப்ப பிள்ளை சின்னதாக ஒரு வரி சேர்த்திருந்தார்.

இரண்டு வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் டீச்சர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். யாரோ கிழித்துக் கொடுத்த கட்டுரைத் தாள் மட்டும் கையில் இருந்தது. முகத்தில் சிரிப்பு இல்லை. சண்முகத்தாய் கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள். வாங்கி வைத்துக்கொண்டார், குடிக்கவில்லை.

"கடைசி அதிகாரத்தைப் பத்தி எழுதியிருக்கியள்லா, அது தப்பு."

"எப்படித் தப்பு?"

"எட்டு வரின்னு எழுதியிருக்கிய. எண்ணியா பாத்திய?"

"எண்ணித்தான் பாத்தேன்."

"எட்டுதான். மொதல்ல எழுதும்போது எம்பது வரி இருந்துச்சு. ஊரே அந்தோணியைக் கட்டிப்புடிச்சு அழுதாவ, கால்ல விழுந்தாவ, எல்லாம் எழுதியிருந்தேன். பெறவு ஒண்ணொண்ணா அடிச்சேன். எங்கப்பாவுக்கு ஊரு அவ்வளவுதான் குடுத்துச்சு. நான் கூட்டிக் குடுத்தா அது பொய்லா?"

எனக்கு அது தோன்றவே இல்லை. ஒரு கணம் அசந்துதான் போனேன். ஆனாலும் விடவில்லை.

"அது உங்களுக்குத் தெரியும் டீச்சர். படிக்கவனுக்கு எப்படித் தெரியும்? கை வலிச்சு அவசரமா முடிச்சிட்டியன்னுதான் எனக்குத் தோணுச்சு."

"உங்களுக்குத் தோணலைன்னா எல்லாருக்கும் தோணாதா?"

"நாலு பேருக்குத் தோணும். நாலு பேருக்கு என்னை மாதிரி தோணாமப் போவும். அந்த நாலு பேருக்கு நீங்க ஒரு வரியாவது கூட எழுதியிருக்கணும்."

"ஒரு வரி கூட எழுத மாட்டேன்!"

காப்பி ஆறிப்போயிற்று. ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினோம். சண்முகத்தாய் முதலில் என் பக்கம் பேசினாள், பாதியில் டீச்சர் பக்கம் போய்விட்டாள். எனக்குக் கோபம் வரவில்லை. உள்ளுக்குள்ளே ஒரே கொண்டாட்டமாக இருந்தது. ஆறு வருஷத்தில் எத்தனையோ பேர் நன்றி சொல்லியிருக்கிறார்கள், சிலர் வைதிருக்கிறார்கள். நான் எழுதிய ஒரு வரியை எடுத்துவைத்துக்கொண்டு என்னோடு சண்டை போட ஒருவர்கூட வந்ததில்லை.

எழுந்து வாசல்வரை போனவர் நின்றார்.

"இப்பவும் நீங்க எழுதினது தப்புத்தான். ஆனா படிச்சிட்டுத் தப்பா எழுதியிருக்கிய. அதுக்கு நான் கோவப்படமாட்டேன்" என்றார். பிறகு, "அடுத்த புத்தகம் எழுதிக்கிட்டு இருக்கேன். அச்சானதும் அனுப்புதேன்" என்றார்.

"எனக்கு இப்பம் பத்திரிகை இல்லை டீச்சர். இதோட நிறுத்திட்டாவ."

அவர் கையிலிருந்த தாளைத் திருப்பிப் பார்த்தார். கிழித்தவர் கட்டுரையோடு நிறுத்திவிட்டார்போலும், அந்தக் கடைசி வரி அதில் இல்லை. முகம் மாறிவிட்டது.

"என்னாலயா?"

"இல்லை. என்னாலதான்."

தாளை நாலாக மடித்தார். ஆறுதலாக ஏதாவது சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் கொடுக்கிற தோரணையில் சொன்னார்:

"அப்பம் எனக்கு எழுதுங்க."

அடுத்த புத்தகம் வர மூன்று வருஷம் ஆயிற்று. பதினோரு பக்கம் மதிப்புரை எழுதித் தபாலில் அனுப்பினேன். அதில் நாலு பக்கம் குறை. டீச்சரிடமிருந்து பதினாலு பக்கத்தில் பதில் வந்தது.